முதல் பவர் போர்டு: எலக்ட்ரானிக்ஸ் பழுதுநீக்கம் கற்கத் தொடங்குவோருக்கு

எலக்ட்ரானிக்ஸ் பழுதுநீக்கத்தைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர் செத்துப்போன ஒரு போர்டைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள். அதைச் சரிசெய்துவிட்டால் தொழில் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அவர்களிடம் நான் சொல்கிற முதல் வேலை அவர்களுக்குப் பிடிப்பதில்லை. அந்தப் போர்டை ஓரமாக வைத்துவிட்டு, அதே வகையைச் சேர்ந்த, நன்றாக வேலை செய்கிற இன்னொரு போர்டைத் தேடிக்கொண்டு வாருங்கள் என்பேன். ஓர் ஐசியின், அதாவது பல பாகங்களை ஒரே சில்லுக்குள் அடக்கிய பாகத்தின், காலில் 14 வோல்ட் இருப்பது சரியா தவறா என்பது, நல்ல போர்டில் அதே காலில் எவ்வளவு இருந்தது என்று அளந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அது தெரியாதவர் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். சில நேரம் போர்டு உயிர்பெறவும் செய்யும், ஆனால் ஏன் உயிர்பெற்றது என்று அவருக்குத் தெரியாது.

இதை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு தொலைக்காட்சியின் பவர் பகுதியில், மின்சாரத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தது, அதாவது உள்ளே நேராக ஒட்டிக்கொண்டிருந்தது. புதியதைப் போட்டேன், வெடித்தது. இன்னொன்றைப் போட்டேன், அதுவும் வெடித்தது. மூன்றாவதும் வெடித்த பிறகே பக்கத்தில் இருந்த சிறிய ஸ்னப்பர் டையோடை அளந்தேன். அது ஓப்பன் ஆகியிருந்தது, அதாவது உள்ளே அறுந்திருந்தது. மின்மாற்றியிலிருந்து எழும் உயர் மின்னழுத்த முட்களை அடக்க வேண்டிய டையோடு இல்லாதபோது எத்தனை மாஸ்ஃபெட் போட்டாலும் நிற்காது. இரண்டு நிமிட அளவீட்டைச் செய்யாததற்கு மூன்று மாஸ்ஃபெட்டும் ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போயின.

எந்தப் போர்டில் தொடங்குவது

பழைய டிவிடி பிளேயரின் பவர் போர்டை, அதாவது வீட்டு மின்சாரத்தை 5, 12 வோல்ட்டாக மாற்றித் தரும் போர்டை, நான் பரிந்துரைப்பேன். காயலான் கடைகளில் இவை இன்னும் கிடைக்கின்றன, விலை அற்பம். இரண்டு மூன்று பிளேயர்களை வாங்கினால் அவற்றில் ஒன்றின் பவர் போர்டாவது வேலை செய்வதாக இருக்கும். கைபேசி சார்ஜரும் ரௌட்டர் அடாப்டரும் இதே தத்துவத்தில் இயங்குபவைதான் என்றாலும், அவற்றின் உறையை உடைக்காமல் திறப்பது கடினம். உள்ளே பாகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் அளவுக்கம்பியின் முனையை வைக்கவும் இடம் இருக்காது. டிவிடி போர்டு ஒரு பக்கம் மட்டும் செம்புப் பாதை உள்ள, பாகங்கள் விலகி நிற்கிற, கண்ணால் தொடர்ந்து பார்க்கக்கூடிய போர்டு. அவற்றில் பலவற்றில் வைப்பர் 22ஏ என்ற 8 கால் ஐசி இருக்கும். கீழே அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்கள் போர்டில் வேறு ஐசி இருந்தால் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொண்டு அதன் தரவுத்தாளை இறக்கிக்கொண்டு, எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆராயும் வரிசை மாறாது.

மேசையும் கருவிகளும்

தொடக்கத்தில் நிறையப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன் அல்லது வெப்பம் மாற்றத்தக்க ஸ்டேஷன், ஈயம் உறிஞ்சும் பம்ப், செம்புப் பின்னல், ரோசின் ஃப்ளக்ஸ், சாமணம், கட்டர், துடைப்பதற்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஆகியவை போதும். செலவைக் குறைக்கக் கூடாத ஒரே இடம் மீட்டர். 600 வோல்ட்டுக்குப் பாதுகாப்புத் தரம் பெற்ற, கேட் 3 என்று நேர்மையாகக் குறித்திருக்கும் மீட்டரும், காப்பு உரியாத நல்ல அளவுக்கம்பிகளும் வேண்டும். ஆம்பியர் துளையில் சிவப்புக் கம்பியைச் செருகியபடியே மின்னழுத்தத்தை அளக்கப் போனால் மீட்டர் அங்கே ஒரு ஷார்ட்டாகத்தான் நடந்துகொள்ளும். ஆகவே ஆம்பியர் அளந்து முடித்த உடனே கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிடும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

அயர்னுக்குக் கூர்முனையைத்தான் எல்லோரும் விரும்பி வாங்குகிறார்கள். உளி போன்ற தட்டை முனையே பெரும்பாலான வேலைகளுக்குச் சரி. பரப்பு அதிகமாக இருப்பதால் வெப்பம் விரைவாக இறங்கும், பட்டையில் நீண்ட நேரம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 63க்கு 37 விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு வந்த போர்டுகளில் பெரும்பாலானவற்றில் காரீயம் இல்லாத கலவையே இருக்கும். அது உருகுவதற்கு ஏறத்தாழ 217 முதல் 220 டிகிரி வேண்டும். பழைய பற்றின் மேல் புதிய ஈயக் கம்பியைச் சிறிது உருக்கிவிட்டுப் பிறகு உறிஞ்சினால் எளிதாக வருவதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான்.

இவற்றோடு நீங்களே செய்துகொள்ள வேண்டிய ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் சீரிஸ் லாம்ப். ஒரு மரப்பலகையில் சுவிட்ச், பல்பு ஹோல்டர், சாக்கெட் ஆகிய மூன்றையும் பொருத்தி, சாக்கெட்டுக்குப் போகும் பேஸ் கம்பி 60 வாட் பல்பின் வழியாகவே போகும்படி இணைக்க வேண்டும். பல்பு இழை பல்பாக, அதாவது பழைய குண்டு பல்பாகத்தான் இருக்க வேண்டும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. குண்டு பல்பு கடைகளில் அருகிவருகிறது, கண்ட இடத்தில் நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியில் எரிந்து மின்னோட்டத்தைத் தன்னிடமே தடுத்து நிறுத்திவிடும். ஃபியூஸ் போகாது, புதிதாகப் போட்ட ஐசி வெடிக்காது. இது போர்டைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. பல்பு வழியாக வரும் மின்சாரமும் மனிதரைக் கொல்லப் போதுமானது என்பதை மறக்க வேண்டாம்.

தொடுவதற்கு முன்

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை நேர்மின்னோட்டமாக்கி வடிகட்டியதும் அதன் உச்ச அளவான 325 வோல்ட் பெரிய கண்டன்சரில் போய் உட்காரும். செருகியைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும். புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: வேலை செய்கிற போர்டைவிட வேலை செய்யாத போர்டு ஆபத்தானது. வேலை செய்கிற போர்டில் ஐசி அந்த மின்னூட்டத்தை ஓரிரு நொடிகளில் தின்றுவிடும். ஐசி செத்த போர்டில் அதைத் தின்ன ஆளில்லாததால் பல நிமிடங்களுக்குப் பிறகும் கண்டன்சர் முழு அளவில் காத்திருக்கலாம்.

அதனால் 10 கிலோ ஓம், 5 வாட் ஒயர்வௌண்டு மின்தடை ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட கம்பிகளைப் பற்றவைத்து ஓர் இறக்கும் கருவி செய்துகொள்ளுங்கள். டிவிடி போர்டில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் கண்டன்சர்தான் இருக்கும். அதன் இரு கால்களிலும் இக்கருவியை 5 நொடி வைத்தால் மின்னூட்டம் இறங்கிவிடும். அதன் பிறகு மீட்டரில் பார்த்துச் சுழியத்துக்கு வந்துவிட்டதை உறுதி செய்துகொண்டே கையை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவதைப் பல பட்டறைகளில் பார்ப்பீர்கள். அது செம்புப் பாதையைக் கிழிக்கும், கண்டன்சரையும் கெடுக்கும்.

மின்சாரம் ஓடும்போது ஒரு கை மட்டுமே போர்டின் அருகில் இருக்கட்டும். கறுப்புக் கம்பியை முதலை கிளிப்பால் பொருத்திவிட்டுச் சிவப்பை மட்டும் கையில் பிடித்து அளக்கப் பழகுங்கள். மோதிரம், கடிகாரம், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், தரை உலர்ந்திருக்கட்டும். மேசைக்கு வரும் மின்சாரம் மின்கசிவு ஏற்பட்டால் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக வந்தால் நல்லது. ஆனால் கண்டன்சரின் இரு கால்களையும் ஒரே நேரத்தில் தொட்டால் அது உதவாது. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் தொடக்கக்காரர் மின்சாரம் ஓடும் போர்டில் வேலை செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போர்டு எப்படி வேலை செய்கிறது

போர்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் செம்பே இல்லாத ஓர் அகலமான இடைவெளி ஒரு பக்கத்தை மற்றொன்றிலிருந்து பிரிப்பதைக் காண்பீர்கள். மின்சாரம் நுழையும் பக்கம் ஹாட் சைடு, வெளியீடு இருக்கும் பக்கம் கோல்டு சைடு, அதாவது செகண்டரி. அந்த இடைவெளியைத் தாண்டி நிற்பவை மூன்றே: மின்மாற்றி, ஒளியின் வழியே செய்தி அனுப்பும் ஆப்டோகப்ளர், இரு பக்கங்களையும் இணைக்கப் பாதுகாப்புத் தரம் பெற்ற ஒரு நீல நிற ஒய் கண்டன்சர்.

ஹாட் சைடில் ஃபியூஸ், அதன் பின் பெரும்பாலும் தொடக்க மின்னோட்டப் பாய்ச்சலை அடக்கும் ஒரு என்டிசி மின்தடை, நான்கு 1என்4007 டையோடுகள், 400 வோல்ட் தாங்கும் பெரிய கண்டன்சர் ஆகியவை வரிசையாக இருக்கும். அங்கே கிடைக்கும் 325 வோல்ட்டை வைப்பர் 22ஏ நொடிக்கு 60,000 முறை இணைத்துத் துண்டித்து மின்மாற்றிக்குள் செலுத்துகிறது. 730 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் இந்த ஐசிக்குள்ளேயே இருக்கிறது. 1, 2 கால்கள் அந்த மாஸ்ஃபெட்டின் சோர்ஸ், 3 பின்னூட்டம், 4 ஐசிக்கான உணவு, அதாவது விடிடி, 5 முதல் 8 வரை டிரெயின்; சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையேதான் மாஸ்ஃபெட் இணைத்துத் துண்டிக்கிறது.

நான்காம் காலைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதுகள் பிடிபட்டுவிடும். பழைய மோட்டார் சைக்கிளைக் காலால் உதைத்துக் கிளப்புவதைப் போன்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் ஐசி தனக்குள் இருக்கும் ஒரு மின்னோட்ட மூலத்தைக் கொண்டு, டிரெயின் காலிலிருந்து சிறிது மின்னோட்டத்தை இழுத்து, நான்காம் காலில் உள்ள சின்னக் கண்டன்சரை நிரப்புகிறது. அங்கே ஏறத்தாழ 14.5 வோல்ட் சேர்ந்ததும் ஐசி ஓடத் தொடங்கும், உதைப்பு நின்றுவிடும். அதன் பிறகு மின்மாற்றியின் துணைச் சுற்றிலிருந்து, அதாவது அதில் தனியாகச் சுற்றிய சிறு கம்பிச்சுருளிலிருந்து, ஒரு டையோடு வழியாக வரும் மின்சாரமே அதற்கு உணவு. அந்த உணவு வராமல் விடிடி 8 வோல்ட் அளவுக்குக் கீழே இறங்கினால் ஐசி நின்றுவிடும். மீண்டும் உதைப்பு, மீண்டும் தொடக்கம், மீண்டும் நிற்றல். டிக் டிக் என்ற மெல்லிய ஓசையோடு வெளியீடு துடித்துத் துடித்து அடங்குவதை நீங்கள் கேட்டிருக்கலாம். பட்டறையில் அதை ஹிக்கப் என்பார்கள்.

கோல்டு சைடில் குறைந்த மின்னழுத்த இழப்புள்ள ஷாட்கி டையோடுகளும் வெளியீட்டுக் கண்டன்சர்களும் இருக்கின்றன. 5 வோல்ட் வெளியீட்டை டிஎல்431 என்ற மூன்று கால் ஐசி கண்காணிக்கிறது. இரண்டு மின்தடைகள் வழியாக அதன் முனைக்கு 2.5 வோல்ட் வரும்படி அமைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஏறினால் அது பிசி817 ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் எல்இடியை எரியவைக்கும், அந்த ஒளி ஹாட் சைடில் பின்னூட்டமாகி ஐசியைக் கட்டுப்படுத்தும். கண்காணிக்கப்படுவது 5 வோல்ட் மட்டுமே என்பதால், சுமை இல்லாதபோது 12 வோல்ட் வெளியீடு 13, 14 என்று காட்டினால் பதற வேண்டாம்.

மின்சாரம் இல்லாமல் அளப்பது

இனி நல்ல போர்டையும் கெட்ட போர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போட்டு, ஒவ்வோர் அளவையும் நல்ல போர்டில் முதலில் எடுத்து எழுதிவிட்டு, பிறகு கெட்டதில் எடுங்கள். இந்த நோட்டு சில ஆண்டுகளில் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட உங்களுக்குப் பயன்படும்.

அளப்பதற்கு முன் கண்ணுக்கும் மூக்குக்கும் வேலை கொடுங்கள். தலை உப்பிய கண்டன்சர், கருகிய மின்தடை, வெடித்த ஐசியின் மேலுள்ள பிளவு, மின்மாற்றியின் கால்களைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல் ஆகியவற்றைத் தேடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் டிரை சால்டர், அதாவது விட்டுப்போன பற்று. உருப்பெருக்கி இல்லாமல் தெரியாது. நம் ஊர் வீடுகளிலிருந்து வரும் செட்டுகளில் பல்லியும் எறும்பும் கரப்பான் எச்சமும் காரணமாக இருப்பது அபூர்வமன்று. போர்டு வாடிக்கையாளருடையதாக இருந்தால், இடி இடித்த இரவா, மின்சாரம் போய் வந்த நேரமா, மெல்ல மெல்ல மோசமானதா என்று கேளுங்கள். திடீரென்று செத்தது என்றால் ஷார்ட்டை நினையுங்கள். காலையில் கிளம்ப நேரமெடுத்து, நாளடைவில் கிளம்பாமலே போனது என்றால் வறண்டுபோன கண்டன்சரை நினையுங்கள்.

அடுத்து ஃபியூஸ். கண்ணாடி உள்ளே கறுத்துப்போயிருந்தால் பெரிய ஷார்ட் நடந்திருக்கிறது, ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டு மின்சாரம் கொடுப்பது வீண். கறுப்பு இல்லாமல் இழை மட்டும் அறுந்திருந்தால் வயதாகியும் போயிருக்கலாம். எப்படியானாலும் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸோ செம்புக் கம்பியோ அந்த இடத்துக்கு வரக் கூடாது. போர்டில் டி என்ற எழுத்தோடு அளவு அச்சிட்டிருந்தால் அது மெதுவாக உருகும் வகை. அதையே போட வேண்டும்.

பிறகு மீட்டரை டையோடு நிலைக்கு மாற்றி நான்கு டையோடுகளையும் இரு திசையிலும் அளங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரையும் மறுதிசையில் ஓஎல், அதாவது எல்லைக்கு மேல் என்ற குறி, அல்லது மெல்ல ஏறும் எண்ணும் வர வேண்டும். இரு திசையிலும் சுழியத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஐசியில் சிவப்பைச் சோர்ஸிலும் கறுப்பை டிரெயினிலும் வைத்தால் உள்ளே இருக்கும் டையோடு 0.5 அளவில் தெரியும், கம்பிகளை மாற்றி வைத்தால் தெரியாது. கோல்டு சைடின் ஷாட்கி டையோடுகள் 0.15 முதல் 0.4 வரை காட்டும். அவற்றோடு இணையாக மின்மாற்றியின் சுற்றும் வடிகட்டிகளும் இருப்பதால் போர்டில் வைத்து அளந்தால் ஏமாற்றக்கூடும். சந்தேகம் வந்தால் ஒரு காலைக் கழற்றி அளப்பதே முடிவான சோதனை. நல்ல போர்டு பக்கத்தில் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: இரண்டிலும் ஒரே எண் வந்தால் காலைக் கழற்றவே தேவையில்லை.

மின்சாரத்தோடு அளப்பது

ஷார்ட் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே சீரிஸ் லாம்ப் வழியாக மின்சாரம் கொடுங்கள். பவர் போர்டிலிருந்து பிளேயரின் தாய்ப் போர்டுக்குப் போகும் கம்பிக்கற்றையைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் வெளியீட்டில் 10 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைச் சுமையாகப் போடுங்கள். அரை ஆம்பியர் ஓடும். பின்னூட்டம் கெட்டு வெளியீடு எகிறினாலும் தாய்ப் போர்டு சாகாது.

பல்பு தொடர்ந்து பளிச்சென்று எரிந்தால் உடனே அணைத்துவிட்டு மறுபடி ஷார்ட்டைத் தேடுங்கள். கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் போன்று பெரிய கண்டன்சர் உள்ளவற்றில் பல்பு ஒருமுறை மின்னி அடங்கும். டிவிடி போர்டின் சிறிய கண்டன்சருக்கு அந்த மின்னல் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம் என்பதால், மின்னவில்லை என்பதைக் கொண்டு மட்டும் போர்டு ஓப்பன் என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஹாட் சைடை அளக்கும்போது கறுப்புக் கம்பி பெரிய கண்டன்சரின் நெகட்டிவ் காலில், அதாவது ஹாட் கிரவுண்டில், இருக்க வேண்டும்; வெளியீட்டு நெகட்டிவான கோல்டு கிரவுண்டில் அன்று. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒன்றுதான்; கோல்டு கிரவுண்டை வைத்து ஹாட் சைடை அளந்துவிட்டு, வருகிற பொருளற்ற எண்ணை நம்பி ஐசியை மாற்றுவார்கள். ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கடுமையான எச்சரிக்கை: அதன் கிரவுண்டு கிளிப் எர்த்தோடு இணைந்திருப்பதால், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை ஹாட் கிரவுண்டில் மாட்டினால் அந்த நொடியே ஷார்ட்.

இப்போது பெரிய கண்டன்சரின் இரு கால்களுக்கு இடையே அளங்கள். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து 300 முதல் 340 வரை வரலாம். ஒன்றுமே இல்லை என்றால் ஃபியூஸ், என்டிசி, டையோடு, செம்புப் பாதை ஆகியவற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. பின்னால் உள்ள எதையும் பார்க்க வேண்டியதில்லை. 325 சரியாக இருந்தால் நான்காம் காலுக்கு வாருங்கள். அங்கே சுழியம் இருந்தால் ஐசி செத்திருக்கிறது, அல்லது விடிடி பாதையில் ஷார்ட் இருக்கிறது. எண் 8க்கும் 14க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தால் ஹிக்கப். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாவுவதாக மட்டுமே தெரியும், பழைய ஊசி மீட்டர் இருந்தால் ஊசி ஏறி இறங்கும் தாளமே தெரியும், தூக்கிப் போடாதீர்கள்.

ஹிக்கப்புக்கு முதல் சந்தேகம் நான்காம் காலில் உள்ள சின்னக் கண்டன்சர். 10 முதல் 47 மைக்ரோஃபாரட் வரையிலான, சூடான பாகங்களுக்கு நடுவே நிற்கிற, பார்க்கச் சாதுவான அந்தக் கண்டன்சர் வறண்டுபோனால், துணைச் சுற்றின் உணவு வந்து சேரும்வரை ஐசியைத் தாங்கிப் பிடிக்க அதனால் முடியாது. தலை உப்பாமலே செத்திருக்கும், மீட்டரின் கண்டன்சர் நிலையில்கூடச் சில நேரம் நல்லதுபோலக் காட்டும். அடுத்த சந்தேகம் துணைச் சுற்றின் டையோடு, பட்டறைப் பேச்சில் ஆக்ஸிலரி டையோடு. அதற்கும் அடுத்தது கோல்டு சைடில் உள்ள ஷார்ட்: ஒரு ஷாட்கி டையோடு ஷார்ட் ஆனாலும் ஐசி சுமையைத் தாங்காமல் நின்று நின்று ஓடும். விடிடி நிலையாக இருந்தும் வெளியீடு தவறாக இருந்தால் மட்டுமே டிஎல்431, ஆப்டோகப்ளர், வெளியீட்டுக் கண்டன்சர்கள் ஆகியவற்றுக்குப் போக வேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

வாடிக்கையாளரின் போர்டைத் தொடுவதற்கு முன் குப்பைப் போர்டு ஒன்றில் 50 பாகங்களையாவது செம்பு உரியாமல் கழற்றிப் பழகுங்கள். ஒருபக்கப் போர்டில் செம்புப் பட்டை பசையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது. மூன்று நான்கு நொடிக்கு மேல் சூடு காட்டினால் உரிந்துவரும். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கண்டன்சரின் நெகட்டிவ் பட்டை எந்தப் பக்கம் இருந்தது என்பதற்காக. ஃப்ளக்ஸ் புகை ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது, முகத்துக்கு நேரே வராதபடி சிறு விசிறி ஒன்றை வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் டீயைத் தொடாதீர்கள்.

கண்டன்சர் மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட், 105 டிகிரி வகை என்ற மூன்றையும் பாருங்கள். 85 டிகிரி கண்டன்சர் மலிவு. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பதால் அந்த மலிவு சில மாதங்களில் வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். துணைச் சுற்றில் விரைவு வகை டையோடு இருந்தால் அதன் இடத்தில் 1என்4007 போடக் கூடாது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நொடிக்கு 60,000 முறை துண்டிப்பதற்கு 1என்4007ஆல் ஈடுகொடுக்க முடியாது. நீல நிற ஒய் கண்டன்சருக்குப் பதிலாகச் சாதாரணக் கண்டன்சரை ஒருபோதும் போடாதீர்கள். அது ஷார்ட் ஆனால் மின்சாரம் நேரே பிளேயரின் உலோக உடலுக்கு வந்துவிடும்.

உதிரிபாகங்களுக்குச் சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் பக்கத்து நரசிங்கபுரம் தெருவும் இருக்கின்றன. ஐசி வாங்கும்போது கழற்றி எடுத்துக் கால் தேய்த்துப் புதிதுபோல் விற்கப்படுபவை கலந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து, கால்களில் பழைய ஈயத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று தேவைப்பட்டால் இரண்டாக வாங்குங்கள்.

பழுது நீங்கியதும் 10 ஓம் சுமையோடு அரைமணி நேரம் ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் வெளியீட்டை அளந்து எழுதுங்கள். பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரத்தில் ஒருமுறை சோதித்த பிறகே தாய்ப் போர்டை இணைக்க வேண்டும்.

பிறரிடம் கேட்பது

எங்கோ ஓரிடத்தில் நின்றுபோவீர்கள். அப்போது மூத்த மெக்கானிக்குகளிடம் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவில் இரண்டாண்டு படித்து வந்தவர்களும் கேட்டுத்தான் தேர்கிறார்கள். கேட்கும் விதத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. “அண்ணே, செட்டு ஆன் ஆகலை, என்ன மாத்தணும்?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஊகிக்கத்தான் முடியும், வேலை நடுவே இருந்தால் ஊகிக்கவும் மாட்டார்.

“அண்ணே, டிவிடி பவர் போர்டு, ஐசி வைப்பர் 22ஏ. ஃபியூஸ் நல்லா இருக்கு. பெரிய கண்டன்சர்ல 318 வோல்ட் வருது. ஹாட் கிரவுண்டுல வெச்சு அளந்தா நாலாம் கால்ல எட்டுக்கும் பதினாலுக்கும் நடுவுல ஆடுது. கண்டன்சரை மாத்திட்டேன், அப்பவும் அதேதான். செகண்டரி டையோடு ரெண்டும் கழட்டி அளந்துட்டேன், ஷார்ட் இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். கையில் இருக்கும் அயர்னைக் கீழே வைக்காமலே, “ஆக்ஸிலரி டையோடைப் பாத்தியா, தம்பி?” என்பார். போர்டின் எண், ஐசியின் எண், எந்தக் கிரவுண்டை வைத்து அளந்தீர்கள் என்பது, ஏற்கெனவே எதையெல்லாம் மாற்றினீர்கள் என்பது ஆகிய நான்கும் கேள்வியில் இருக்க வேண்டும். நான்காவதை மறைக்கிறவர்கள் உண்டு. தவறாக ஒன்றை மாற்றிவிட்டு வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவார்கள், கேட்கப்படுபவர் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்பார். விடை கிடைத்துச் சரியானதும் திரும்பிப் போய் எது பழுது என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது அவர் ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

அடுத்து எடுக்க வேண்டியவை

நான்கைந்து டிவிடி போர்டுகள் முடிந்ததும் 12 வோல்ட் அடாப்டருக்கும் எல்இடி பல்பின் டிரைவருக்கும் போகலாம். அதன் பிறகு யுசி3842 போன்ற ஐசியும் தனி மாஸ்ஃபெட்டும் உள்ள போர்டுகளை எடுங்கள்; அங்கே தொடக்க எல்லை 16 வோல்ட், நிறுத்த எல்லை 10 வோல்ட், உதைப்பதற்கு ஐசிக்குள் மூலம் இல்லாமல் வெளியே ஒரு தொடக்க மின்தடை இருக்கும், அந்த மின்தடை ஓப்பன் ஆவதே அங்கே வழக்கமான பழுது. பெரிய தொலைக்காட்சிகளின் பவர் போர்டில், மின்திறன் காரணியைத் திருத்தும் பிஎஃப்சி பகுதி மின்னழுத்தத்தை 380 முதல் 400 வோல்ட் வரை ஏற்றி வைத்திருக்கும், கண்டன்சரும் பெரியது; இறக்கும் கருவி கைப்பழக்கமாக ஆன பிறகே அதைத் திறக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பைத் தனியாகக் கற்கும் காலத்தில் தொடவே வேண்டாம். அதன் மின்மாற்றி 2,000 வோல்ட் அளவில் தருவதை உள்ளே இருக்கும் கண்டன்சரும் டையோடும் அதற்கும் மேலே ஏற்றுகின்றன. இந்தக் கட்டுரையில் சொன்ன மீட்டரோ, அளவுக்கம்பியோ, 10 கிலோ ஓம் மின்தடையோ அதற்கு ஏற்றவை அல்ல. யாராவது கொண்டுவந்தால், அந்த வேலையைச் செய்கிற ஒருவரின் முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.